பழைய வலைப்பூவைத் தேடி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 2002 முதல் 2013 வரை பிரௌசிங் சென்டர் நடத்தினேன். ஏழு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பாதி நேரம் கூவிக்கொண்டே இருக்கும் ஒரு யுபிஎஸ். இப்போது அதே கடையில் ஜெராக்ஸ், பான் கார்டு, பட்டா விண்ணப்பம். ஆனாலும் மாதத்துக்கு இரண்டு பேராவது, "அண்ணே, இங்க உட்கார்ந்து தமிழ்ல எழுதுவேனே, ஞாபகம் இருக்கா?" என்று வந்து நிற்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் உண்டு. சொன்னதையே சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

வலைப்பூன்னா என்னங்க அங்கிள்? ஃபேஸ்புக் பேஜ் மாதிரியா?

பாதி அப்படித்தான். உனக்கென்று ஒரு முகவரி. அதில் நீ எழுதியதெல்லாம் புதியது மேலே, பழையது கீழே என்று தேதிவாரியாக நிற்கும். கீழே யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். அதற்குப் பின்னூட்டம் என்று பெயர். பிளாகர் என்ற இலவசச் சேவை 1999-இல் வந்தது, 2003-இல் கூகுள் அதை வாங்கியது. தமிழில் எழுத ஆரம்பித்ததும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.

ஃபேஸ்புக்கில் நீ எழுதியதை யாருக்குக் காட்டுவது என்று அந்த நிறுவனம் முடிவு செய்கிறது. வலைப்பூவில் அப்படி நடுவில் யாரும் இல்லை. படிக்கிறவர் தேடி வரவேண்டும். வந்தவர் பெரும்பாலும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் போவார், ஏனென்றால் பக்கத்தைத் திறக்கவே அரை நிமிஷம் ஆகும்.

அதுக்கு எதுக்கு நெட் சென்டர் வரணும்? வீட்டிலேயே எழுதக்கூடாதா?

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தவர்களே குறைவு. இருந்தாலும் டயல்-அப், அதற்குத் தனியாக டெலிபோன் பில். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் 2005-இல்தான் வந்தது. என் கடையில் மணிக்கு 25 ரூபாய். ஒரு ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் வருவார். வீட்டிலேயே நோட்டில் எழுதி, அடித்துத் திருத்தி, காசுக்குத் தகுந்தபடி எத்தனை பக்கம் அடிக்க முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருவார். ஒற்றை விரலால் அடிப்பார். ஒருநாள் முக்கால் மணி நேரம் அடித்தது கரண்ட் போனதில் காணாமல் போனது. எதுவும் சொல்லவில்லை. நோட்டை மடித்து வைத்துக்கொண்டு, "நாளைக்கு வரேன் தம்பி" என்றார். அன்றைக்குக் காசு வாங்கவில்லை. அடுத்த வாரமே யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டேன்.

இன்னொரு காரணம் தமிழ் எழுத்து. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய, கண்ட்ரோல் பேனலில் ஒரு கட்டத்தை டிக் செய்தால் எக்ஸ்பி சிடியைப் போடச் சொல்லும். அந்த சிடி யார் வீட்டிலும் இருக்காது. என்னிடம் இருந்தது. ஏழு கம்ப்யூட்டரிலும் தமிழில் அடிக்க உதவும் எ-கலப்பை மென்பொருளைப் போட்டு வைத்திருந்தேன். ஆங்கில விசையில் ஏ, எம், எம், ஏ, ஏ என்று தட்டினால் 'அம்மா' வந்து நிற்கும். முதல்தடவை பார்க்கிறவர்கள் தன் பெயரை அடித்துப் பார்ப்பார்கள், அப்புறம் மனைவி பெயர். இந்த வரிசை மாறி ஒருவரையும் பார்த்ததில்லை.

அப்பா சிடி-ல சேவ் பண்ணி வெச்ச பக்கத்தைத் திறந்தா ஒரே கிறுக்கலா இருக்கு. வைரஸா?

வைரஸ் இல்லை. எல்லா மொழிக்கும் ஒரே பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு எல்லாரிடமும் வருவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை இருந்தது. தகுதரம் எனப்பட்ட திஸ்கி, 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப், இலங்கைக்காரர்கள் அதிகம் பயன்படுத்திய பாமினி. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே உட்கார்ந்திருப்பது எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை அப்படியே பல்லை இளிக்கும்.

ஆங்கில எழுத்தும் செமிகோலனுமாகத் தெரிந்தால் பெரும்பாலும் பாமினி. தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் திஸ்கியோ டாபோ. யூனிகோடுக்கு மாற்றித்தரும் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. அன்றைக்குச் சுரதாவின் பொங்குதமிழும் என்எச்எம் கன்வெர்ட்டரும் கையோடு இருந்தன. மூலக் கோப்பை மட்டும் வேர்டில் திறந்து 'சேவ்' கொடுத்துவிடாதீர்கள். நகல் எடுத்துக்கொண்டு நகலில் கை வையுங்கள்.

தமிழ்மணம், தமிழ்மணம்னு எல்லாரும் சொல்றீங்களே, அது என்ன பத்திரிகையா?

திரட்டி. 2004-இல் தொடங்கியது. தமிழில் எழுதும் வலைப்பூக்களைப் பதிவு செய்துகொண்டு, எங்கே புதிதாக என்ன எழுதப்பட்டது என்று முகப்பில் வரிசையாகக் காட்டும். அது இல்லையென்றால் மஞ்சக்குப்பத்தில் எழுதியது மதுரைக்காரருக்குத் தெரியவே தெரியாது. தேன்கூடு, தமிழ்வெளி, பின்னால் தமிழிஷ் என்று வேறு திரட்டிகளும் வந்தன. ஆனால் காலையில் கடையைத் திறந்ததும் முதலில் வருகிறவர் கேட்பது, "தமிழ்மணத்தைத் திறந்து விடுங்கண்ணே" என்பதுதான்.

வாரத்துக்கு ஒருவரை 'நட்சத்திரம்' என்று முகப்பில் வைப்பார்கள். அவர் அந்த வாரம் முழுக்க தினமும் எழுதவேண்டும். எங்கள் கடைக்கு வரும் ஒரு பையனுக்கு அந்த வாரம் கிடைத்தபோது, கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரிலேயே குடியிருந்தான். முகப்பில் இன்னொரு பகுதி, கடைசியாகப் பின்னூட்டம் விழுந்த பதிவுகளின் பட்டியல். வம்பே அங்கேதான். யாராவது ஒரு பின்னூட்டம் போட்டால் உன் பதிவு மறுபடி மேலே ஏறும். அதனால் நண்பர்கள் கூடி மாறி மாறிப் போட்டு மேலேயே வைத்திருப்பார்கள். கடைசியில் பின்னூட்ட எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கும் அளவுக்குப் போனது. அந்தத் திரட்டி இப்போது இல்லை.

கும்மி, மொய், அனானி… அப்பாவோட பிளாக்ல இதெல்லாம் இருக்கு. என்ன அர்த்தம்?

கும்மி: மேலே சொன்ன மாதிரி கூட்டமாகச் சேர்ந்து பின்னூட்டப் பெட்டியில் அரட்டை அடிப்பது. மொய்: அவர் என் பதிவுக்குப் பின்னூட்டம் போட்டார், நான் அவருக்குப் போடுகிறேன், கல்யாண வீட்டுக் கணக்கு. அனானி: பெயர் போடாமல் எழுதுகிறவர். மொக்கை: விஷயம் இல்லாத பதிவு, ஆனால் அதற்குத்தான் கூட்டம் அதிகம். 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்றால் பதிவைப் படிக்காமலே முதல் பின்னூட்டம் போட்டுவிட்டேன் என்று அர்த்தம்.

நம்ம பக்கத்துல யார் எழுதினாங்க? என்னத்தை எழுதினாங்க?

பெயர்களைச் சொல்லப் போவதில்லை. பாதிப் பேர் புனைபெயரில் எழுதியவர்கள், அது அப்படியே இருக்கட்டும். வாத்தியார்கள், நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், புதுச்சேரி அரசு ஊழியர்கள், வளைகுடாவுக்குப் போன கடலூர்ப் பையன்கள், பிரான்சில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பத்துக்காரர்கள். புதுச்சேரியில் 2007 டிசம்பரில் வலைப்பதிவர்களுக்கு ஒரு பயிலரங்கே நடந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் சென்னையில் நடந்த பட்டறைக்கு அடுத்தபடி அது. என் கடையிலிருந்து மூன்று பேர் போய்வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பதிவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் புனித டேவிட் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயர்கள் மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் தங்களுக்கு என்று ஒப்பந்தம். அந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்று பெயர். இதை நம் வாத்தியார் முந்நூறு வார்த்தையில் எழுதினார். எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இருப்பதுதான். ஆனால் கீழே அறுபதுக்கு மேல் பின்னூட்டம். ஒருவர் தன் ஊரும் குண்டு கிராமம்தான் என்று பாட்டி சொன்னதை எழுதினார். அடுத்தவர், "உங்க ஊர் ஆத்துக்கு அந்தப் பக்கம், அங்கே எப்படிங்க குண்டு வரும்?" என்று மடக்கினார். துபாயிலிருந்து ஒருவர் கெடிலம் ஆறு எந்த இடத்தில் தடம் மாறியது என்று தாத்தா காட்டியதைச் சொன்னார். பாரீஸிலிருந்து ஒருவர் புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் எல்லை பிரித்த கதையைக் கொண்டுவந்து போட்டார். நம் ஊரில் விடியற்காலை நாலு மணிக்கு. அவருக்கு அப்போது இரவு பதினொன்றரைதான். வாத்தியார் அதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார், இருபத்திரண்டு பக்கம். பதிவு அதில் ஒரு பக்கம்.

அதனால்தான் யார் வந்து பழைய வலைப்பூவை எடுத்துத் தரச் சொன்னாலும் முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: பின்னூட்டத்தோடு சேர்த்து எடுங்கள். நீங்கள் எழுதியதை நீங்கள் மறுபடி எழுதிக்கொள்ளலாம். அவர்கள் எழுதியதை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னா ஏன் நின்னு போச்சு? ஃபேஸ்புக்தானே காரணம்?

ஃபேஸ்புக் ஒரு காரணம்தான். ஃபேஸ்புக் மாதிரியான ஆர்க்குட் 2004-லிருந்தே இருந்தது, அதில் ஸ்கிராப் போட்டுக்கொண்டே வலைப்பூவும் எழுதினார்கள். 2010-க்குப் பிறகு கூகுள் பஸ், கூகுள் பிளஸ், ஃபேஸ்புக், ட்விட்டர் என்று இழுத்தன. பத்துப் பத்தி எழுதுகிற விஷயத்தை நாலு வரியில் சொன்னால் உடனே நாற்பது லைக் வரும்போது யார் மெனக்கெடுவார்கள்? புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடினார்கள். தினமும் ஐம்பது வலைப்பூ படித்தவர்கள் ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சண்டையையும் சொல்லத்தான் வேண்டும். சாதி, கட்சி, ஈழம், சினிமா எதற்கும் சண்டை. அடுத்தவர் பெயரில் போலிக் கணக்கு தொடங்கிக் கேவலமாக எழுதினார்கள். பெண்கள் எழுதினால் அனானிகள் வந்து செய்த அசிங்கத்தால் நல்லா எழுதிய இரண்டு பேர் என் கண் முன்னாலேயே நிறுத்தினார்கள். பொற்காலம் என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். என் கணக்கில் அது ஒரு சின்ன ஊர். சின்ன ஊருக்கு உள்ள நல்லதும் இருந்தது, ஊர்வாயும் இருந்தது.

இப்பவும் எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு நாளைக்கு 300 மெசேஜ் வருதே. அதைவிடவா?

பேச்சு அதிகம்தான். 2011 டிசம்பர் 30 விடிகாலை 'தானே' என்று பெயர் வைத்த புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நான் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துக் கடை நடத்தினேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததை வந்து உட்கார்ந்து எழுதினார்கள். எந்த ஊருக்கு எவ்வளவு அரிசி, எத்தனை தார்ப்பாய் வேண்டும் என்று பின்னூட்டத்தில் கணக்கு ஓடியது. அந்தப் பதிவுகளில் பல இன்றைக்கும் தேடினால் கிடைக்கின்றன, தேதியோடு.

2015 நவம்பர் வெள்ளத்துக்கு வாட்ஸ்அப்தான். உதவி அதைவிட வேகமாக வந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மெசேஜ்களில் ஒன்றையாவது இப்போது காட்டுங்கள் பார்க்கலாம். போன் மாறியது, சிம் மாறியது, மெசேஜும் போனது.

என் பிளாக் முகவரியை அடிச்சா சம்பந்தமே இல்லாம ஏதோ வருது. ஹேக் பண்ணிட்டாங்களா?

முகவரியின் கடைசியில் 'டாட் இன்' என்று இருக்கிறதா பாருங்கள். 2012-லிருந்து இந்தியாவில் பிளாக்ஸ்பாட் டாட் காம் முகவரிகள் தானாகவே பிளாக்ஸ்பாட் டாட் இன்-க்கு மாற்றிவிடப்பட்டன. அப்போது பலரும் அதையே நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார்கள், விசிட்டிங் கார்டில்கூட அடித்தார்கள். 2020-இல் அந்த 'டாட் இன்' பெயர் கூகுளின் கையைவிட்டுப் போய்விட்டது. உங்கள் வலைப்பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'இன்' என்பதை அழித்துவிட்டு 'காம்' என்று அடியுங்கள். என்னிடம் "எல்லாம் போச்சு" என்று வந்தவர்களில் கால்வாசிப் பேருக்கு இது ஒன்றே போதுமாக இருந்தது. இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

வலைப்பூ தெரியுது, ஆனா உள்ளே போக பாஸ்வேர்ட் மறந்துட்டேன்.

எந்த மின்னஞ்சலில் தொடங்கினீர்கள் என்று நினைவிருந்தால் கூகுளின் கணக்கு மீட்பு வழியில் முயலலாம். பழைய போன் நம்பர் கையில் இருந்தால் சுலபம். கூகுள் கணக்கோடு இணைக்காமல் விட்ட ஆரம்பகால பிளாகர் கணக்கு என்றால் கஷ்டம், 2012-லேயே அந்தக் கதவை மூடிவிட்டார்கள். உள்ளே போக முடிந்தால் செட்டிங்ஸில் பேக்கப் என்று இருப்பதை அழுத்துங்கள். பதிவும் பின்னூட்டமும் ஒரே கோப்பாக இறங்கும். படங்கள் அதில் வராமல் போகலாம்.

இரண்டு வருஷம் தொடாத கணக்குகளை அழிக்கலாம் என்று 2023-இல் கூகுள் விதி கொண்டுவந்தது. பாஸ்வேர்ட் நினைவிருக்கிறவர்கள் இன்றைக்கே ஒருமுறை உள்ளே போய்விட்டு வாருங்கள்.

யாஹூ குரூப்ல எழுதினது? ஆர்க்குட்ல இருந்தது?

ஆர்க்குட்டை 2014 செப்டம்பர் 30-இல் மூடினார்கள். போனது போனதுதான். யாஹூ குழுமங்களை 2020 டிசம்பரில் மூடினார்கள், பழைய மடல்களை அதற்கு முன்பே அழித்துவிட்டார்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாஹூ குழுமங்களின் காலத்து ஆள் நீங்கள் என்றால் உங்கள் பழைய மின்னஞ்சல் பெட்டியைத் தேடுங்கள். குழும மடல்கள் மெயிலாகவும் வந்துகொண்டிருந்தன. பொதுக் குழுக்கள் சிலவற்றைத் தன்னார்வலர்கள், இணையத்தில் வந்ததைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் சேர்த்தும் வைத்தார்கள்.

பதிவு இருக்கு, படம் இருந்த இடத்துல கட்டம்தான் தெரியுது.

படத்தை வேறொரு இலவசத் தளத்தில் ஏற்றி, இங்கே இணைப்பு மட்டும் கொடுத்திருப்பீர்கள். எனக்கும் அதே கதிதான். சுனாமிக்கு மறுவாரம் எங்கள் ஊர் சில்வர் பீச்சில் எடுத்த பதினெட்டுப் படங்களை ஒரு தளத்தில் போட்டு வைத்தேன். அது ஒருநாள் கடையைக் கட்டியது. நெகட்டிவ் இல்லை, இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமரா. "மூன்றாவது படத்தில் நிற்கிற படகு எங்க மாமாவுடையது" என்ற பின்னூட்டம் மட்டும் இருக்கிறது.

பழைய இணையப் பக்கங்களின் நகலைக் காட்டும் வேபேக் மெஷினில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். அது இன்டர்நெட் ஆர்க்கைவ் 2001-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. சில சமயம் படமும் சிக்கும். பிளாகருக்கே பின்னூட்டப் பெட்டி வருவதற்கு முன், 2004-க்கு முந்தைய பதிவுகளில் ஹாலோஸ்கேன் போன்ற வெளிச் சேவைகளைப் பொருத்தியிருப்பார்கள். அந்தப் பின்னூட்டங்கள் கிடைப்பது அபூர்வம்.

அப்பா தவறிட்டார். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. அவர் பிளாக்கை எப்படிக் காப்பாத்துறது?

பொதுவில் இருக்கிற வலைப்பூ என்றால் பாஸ்வேர்டே வேண்டாம். ஒவ்வொரு பதிவாகத் திறந்து, பின்னூட்டம் முழுசாக விரிந்திருக்கிறதா என்று பார்த்து, பிடிஎஃப் ஆக்குங்கள். நிறையப் பின்னூட்டம் இருந்தால் 'மேலும் காட்டு' என்று கடைசியில் ஒளிந்திருக்கும், அதை அழுத்தாமல் எடுத்தால் பாதிதான் வரும். அதே முகவரிகளை வேபேக் மெஷினிலும் சேமிக்கச் சொல்லலாம். கணக்கையே கேட்டு கூகுளுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு, ஆனால் பாஸ்வேர்ட் தர மாட்டார்கள், எதைத் தருவது என்பதும் அவர்கள் முடிவு.

மேலே சொன்ன வாத்தியாரின் மகள் போன வருஷம் வந்தார். 140 பதிவு. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. குண்டு கிராமப் பதிவு வந்ததும் எழுந்து போய் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

அதைப் புத்தகமா போடலாமா? பின்னூட்டத்தையும் சேர்த்து?

பதிவுகளின் உரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பின் வாரிசுகளுக்கு. நம் நாட்டுச் சட்டப்படி அவர் மறைந்த பின் 60 ஆண்டு வரை. பின்னூட்டம் அப்படியில்லை. அது எழுதியவரின் சொத்து, உங்கள் வீட்டுச் சுவரில் எழுதினார் என்பதற்காக உங்களுடையது ஆகாது. வீட்டுக்கு நாலு பிரதி அடித்து வைத்துக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. விற்பதென்றால் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்குங்கள். வாத்தியாரின் மகள் ஒன்பது பேரைக் கண்டுபிடித்துவிட்டார். பாரீஸ்காரரும் அதில் ஒருவர், இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறாராம்.

அப்போ கோபத்துல கண்டபடி எழுதியிருக்கேன். பொண்ணு படிச்சா மானம் போயிடும். அழிச்சிடலாமா?

உங்கள் இஷ்டம். ஆனால் அழிக்காமலே மறைக்கலாம். பதிவை 'டிராஃப்ட்' ஆக்கினால் வெளியே தெரியாது, உள்ளே இருக்கும். யாரையாவது பெயர் சொல்லித் திட்டியிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள், அதில் நான் பழமை பேச மாட்டேன். மற்றபடி 25 வயதில் அசட்டுத்தனமாக எழுதியதற்கு யாருக்கும் மானம் போவதில்லை. வேபேக் மெஷினில் ஏறியிருந்தால் இங்கே மறைத்தாலும் அங்கே இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மறுபடி எழுதலாம்னு தோணுது. யாராவது படிப்பாங்களா அண்ணே?

பழைய மாதிரி ஒரே நாளில் அறுபது பின்னூட்டம் வராது. திரட்டி இல்லை என்று மேலே சொன்னேன். ஆனால் பிளாகர் இன்னும் இலவசம், தமிழில் அடிக்க சிடி தேட வேண்டாம், போனே போதும். எழுதியதும் இணைப்பைத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். யாராவது அங்கே நல்ல பதில் சொன்னால், "அதை அப்படியே பதிவுக்குக் கீழே எழுதிடுங்க சார்" என்று கேளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். போன மாதம் கெடிலம் பாலத்தைப் பற்றி எழுதியதற்கு நாலு வந்திருக்கிறது. ஒன்று அனானி.